கடலோர மாடியில் சதைப்பற்றுச் செடிகள்

கோவில்பட்டியில் எங்கள் அம்மா வீட்டு வாசல் நிலைக்கு மேலே ஒரு சோற்றுக்கற்றாழை தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. திருஷ்டிக்காக மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, வேர் மேலே இருக்கும்படி சணல் கயிற்றில் கட்டிய செடி. மண் கிடையாது, தொட்டி கிடையாது, ஒரு கை தண்ணீர் தெளித்தவரும் கிடையாது. ஆனாலும் மடல்களின் நுனி வெளிச்சத்தைத் தேடி மெல்ல மேல்நோக்கி வளைந்து, ஓர் ஆண்டுக்கும் மேலாக அது உயிரோடு இருந்தது. வெளி மடல்கள் ஒவ்வொன்றாகச் சுருங்கிக் காய, நடுக்குருத்து மட்டும் பச்சையாகவே நின்றது. அம்மாவுக்கு அதில் வியப்பு எதுவும் இல்லை. தமிழ்நாட்டில் எத்தனையோ வாசல்களில் இது நடப்பதுதான்.

2016ஆம் ஆண்டு, திருவான்மியூரில் நாங்கள் குடியிருக்கும் வீட்டு மொட்டை மாடியில் வைப்பதற்காக ஓர் எச்செவேரியாவை வாங்கி வந்தேன். சாம்பல் பூத்த நீல இலைகள் ரோஜாப்பூ அடுக்குபோல் அமைந்த செடி அது. விலை 180 ரூபாய். தினமும் காலையில் துளசிக்கு ஊற்றும் கையோடு அதற்கும் ஊற்றினேன். பதினைந்தாம் நாள் அடியிலைகள் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிய ஆரம்பித்தன. இருபதாம் நாள் தொட்டதும் தலை தனியாகக் கையோடு வந்துவிட்டது. தொலைபேசியில் அம்மாவிடம் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "தண்ணி ஊத்துறதுக்கு முன்னாடி வேரப் பாத்தியாம்மா?" என்பதுதான். அதன்பின் இத்தனை ஆண்டுகளில், இலையிலோ தண்டிலோ நீரைச் சேர்த்து வைக்கும் இந்தச் சதைப்பற்றுச் செடிகளைப் பற்றி நான் படித்துத் தெரிந்துகொண்டதும், அடிபட்டுத் தெரிந்துகொண்டதும் ஏறக்குறைய அந்தக் கேள்விக்கான விடைதான்.

இந்தச் செடிகள் மூச்சு விடும் முறையிலிருந்து தொடங்குவது நல்லது, ஏனெனில் பிற எல்லாமே அதிலிருந்துதான் கிளைக்கின்றன. பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை உள்ளே இழுக்கின்றன. அந்தத் துளைகளின் வழியாகவே நீரும் ஆவியாகிப் போகிறது. வறண்ட நிலத்தில் பிறந்த சதைப்பற்றுச் செடிகளுக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது. அவற்றில் பெரும்பாலானவை பகலில் துளைகளை மூடிக்கொண்டு, வெயில் தணிந்த இரவில் திறந்து, உள்ளே வந்த வாயுவை மாலிக் அமிலமாக மாற்றி இலையின் செல்களுக்குள் சேமித்து வைக்கின்றன. விடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு, சேமித்த அமிலத்திலிருந்து வாயுவைப் பிரித்து, சூரிய ஒளியில் சமையலை நடத்துகின்றன.

இதற்கும் நம் ஊருக்கும் ஒரு பழைய உறவு உண்டு. தரங்கம்பாடிக்குக் கிறித்தவ சபையோடு வந்து, பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராகப் பணியாற்றி, 1819இல் சென்னையிலேயே இறந்த பெஞ்சமின் ஹைன் என்ற ஜெர்மானியர், ஒரு செடியின் இலை காலையில் புளிக்கிறது, நண்பகலில் சுவையற்றுப் போகிறது, மாலையில் லேசாகக் கசக்கிறது என்று எழுதிய கடிதம் 1815இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் அச்சானது. அந்தச் செடி வேறொன்றும் அல்ல. நாம் ரணகள்ளி என்றும், 'கட்டிப்போட்டால் குட்டி போடும்' என்றும் அழைக்கிறோமே, அதுதான். நானும் ஒருநாள் காலை ஆறு மணிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் அதன் இலையில் நகக்கண் அளவு கிள்ளி, நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினேன். காலை இலையில் புளியாரை போன்ற தெளிவான புளிப்பு இருந்தது. பிற்பகல் இலை வெறும் பச்சை வாடை. (இந்தச் செடியில் இதயத்தைப் பாதிக்கும் நச்சுப் பொருள்கள் உண்டு; மேய்ந்த கால்நடைகள் இறந்திருக்கின்றன. சுவை பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், விழுங்கக் கூடாது.) இரவு முழுக்க அந்த இலை சேர்த்த சேமிப்பை நாக்கால் உணர்ந்த பிறகு, இரவு என்பது இந்தச் செடிகளுக்கு உழைக்கும் நேரம் என்பதை நான் ஒருபோதும் மறந்ததில்லை.

சென்னையின் இடைஞ்சலும் அந்த இரவில்தான் இருக்கிறது. எச்செவேரியா இனங்களில் பெரும்பாலானவை மெக்சிகோவின் மலைநாட்டுப் பாறைச் சரிவுகளில் பிறந்தவை. அங்கே பகல் வெயில் எவ்வளவு சுட்டாலும் இரவு குளிர்ந்துவிடும். சென்னையில் மே, ஜூன் மாதங்களில் விடியற்காலைக்குச் சற்று முன்புகூட வெப்பம் பெரும்பாலும் 27, 28 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்குவதில்லை. கடற்காற்றின் ஈரப்பதமும் அதோடு சேர்ந்துகொள்கிறது. இரவு குளிராவிட்டால் துளைகள் சரியாகத் திறப்பதில்லை, வரவு குறைகிறது, ஆனால் வெப்பத்தால் செடியின் உள்மூச்சு வேகமாக நடப்பதால் செலவு கூடுகிறது. செடி வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு சும்மா இருக்கிறது. சும்மா இருக்கும் வேருக்கு நாம் தண்ணீர் ஊற்றினால் அதைக் குடிக்க ஆளில்லை. தண்ணீர் அங்கேயே சூடாக நிற்கிறது, பூஞ்சை வருகிறது. ஆக, சென்னையில் எச்செவேரியா வெயில் தாங்காமல் செத்தது என்று சொல்பவர்களில் பலரும் பார்த்தது, வெப்ப இரவில் ஈர மண்ணில் அழுகிய வேரைத்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

குளிர்நாடுகளில் எழுதப்படும் குறிப்புகளை அப்படியே பின்பற்றுவது ஏன் ஆபத்து என்பதும் இதனால் விளங்கும். "கோடையில் அதிகமாகவும் குளிர்காலத்தில் குறைவாகவும் தண்ணீர் விடுங்கள்" என்று அவர்கள் சொல்வது அவர்களுடைய கோடைக்கு, அவர்களுடைய பனிக்காலத்துக்கு. நம் கடலோரத்தில் எச்செவேரியாவும் அதன் உறவுச் செடிகளும் வளர்வது மார்கழி, தை, மாசி மாதங்களில். சித்திரை, வைகாசியில் அவை தூங்குகின்றன. பாலைவன ரோஜா எனப்படும் அடீனியமோ நேரெதிர், கிழக்கு ஆப்பிரிக்காவையும் அரேபியாவையும் சேர்ந்த அது வெப்பத்தில் மகிழ்ந்து வளர்ந்து, மார்கழியில் இலைகள் மஞ்சளாகி உதிர்ந்து ஓய்வெடுக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே அளவாகத் தண்ணீர் ஊற்றினால், ஆண்டின் எந்த மாதத்திலும் ஏதாவது ஒன்றுக்குத் தவறாகவே ஊற்றிக்கொண்டிருப்போம்.

இனி, நோய் கண்டறிவதற்கு வருகிறேன். மற்ற எதையும்விட இதில்தான் அதிகமான செடிகள் வீணாகின்றன. இலை சுருங்கினால் தாகம் என்று நினைக்கிறோம். ஆனால் இலைச் சுருக்கத்துக்குக் காரணங்கள் இரண்டு: மண்ணில் நீர் இல்லாமல் போவது ஒன்று, மண்ணில் நீர் இருந்தும் அதை உறிஞ்ச வேர் இல்லாமல் போவது மற்றொன்று. இரண்டாவதைத் தாகம் என்று நினைத்து மேலும் ஊற்றினால் கதை முடிந்தது. தாகத்தால் சுருங்கிய இலை வளைந்துகொடுக்கும், தொட்டால் தோல்போல் உறுதியாக இருக்கும்; நன்றாக ஒருமுறை நனைத்தால் மூன்று நான்கு நாள்களில் உப்பிவிடும். உப்பவில்லை என்றால் இன்னொரு குவளை ஊற்றாமல், செடியைத் தொட்டியிலிருந்து வெளியே எடுக்க வேண்டும். நீர் மிகுந்த இலை வேறு மாதிரி: மஞ்சளாகி, உள்ளே ஒளி ஊடுருவி, விரலால் அழுத்தினால் பழுத்த பழம்போல் நசுங்கும், லேசாகத் தட்டினாலே உதிரும். அடியிலைகள் மட்டும் ஒன்றிரண்டு காகிதம்போல் காய்வது நோயே அல்ல; செடி பழைய இலையின் நீரை உறிஞ்சிப் புதிய இலைக்குக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

நான் முதன்முதலில் ஒரு செடியை அப்படி வெளியே எடுத்ததை விரிவாகவே சொல்கிறேன். அது என் மூன்றாவது எச்செவேரியா. பிளாஸ்டிக் தொட்டியைச் சாய்த்து அடியில் தட்டியபோது, உள்ளிருந்து தென்னைநார்க் கழிவு ஒரு கட்டியாக அப்படியே வந்தது. மேற்புறம் காய்ந்து பழுப்பாக இருந்தது. நடுவில் விரலை விட்டால் சொதசொதவென்று ஈரம், தேங்கிய சாக்கடை வாடை. கட்டியைப் பிரித்துக்கொண்டே போனால், நடுவில் நாற்றுக்கு வைத்த சிறு வலைக்கூடை ஒன்று வேரைச் சுற்றி இறுக்கியபடி இருந்தது. வாங்கியபோது அதைக் கழற்ற வேண்டும் என்றுகூட எனக்குத் தெரியாது. வேர்களை இரண்டு விரலால் இழுத்தபோது மேல்தோல் உறைபோல் கழன்று வந்து, உள்ளே நூல்போன்ற நரம்பு மட்டும் மிஞ்சியது. நல்ல வேர் அப்படிக் கழன்று வராது. வெள்ளையாகவோ வெளிர்பழுப்பாகவோ இருக்கும், இழுத்தால் எதிர்த்து நிற்கும்.

சவர பிளேடை ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டுத் தண்டை அடியிலிருந்து மெல்லிய வட்டங்களாக நறுக்கினேன். முதல் வட்டம் கறுப்பு. இரண்டாவதில் நடுவே மட்டும் காப்பி நிற வளையம். மூன்றாவதிலும் ஓர் ஊசிமுனைப் புள்ளி. அந்தப் புள்ளியை விட்டுவைத்தால் அழுகல் மறுபடி மேலே ஏறும் என்பதால், ஒவ்வொரு வெட்டுக்கும் பிளேடைத் துடைத்து, முழுவதும் வெளிர்பச்சையாகத் தெரியும்வரை நறுக்கினேன். கடைசியில் மிஞ்சியது இரண்டு விரற்கடை தண்டும் ஒரு தலையும். அதைச் செய்தித்தாள் மேல், வெயில் படாத காற்றோட்டமான அலமாரியில் ஆறு நாள் வைத்தேன். வெட்டுவாயில் மஞ்சள்தூள் வைப்பவர்கள் உண்டு, பட்டைத்தூள் வைப்பவர்கள் உண்டு. நானும் மஞ்சள் வைத்தேன். ஆனால் செடியைக் காப்பாற்றுவது தூள் அல்ல, காய்ந்து தோல் கட்டுவதுதான். தோல் கட்டாத வெட்டுவாயை எந்தத் தூளோடு மண்ணில் வைத்தாலும் அழுகும். தோல் கட்டிய பின் உலர்ந்த மண் கலவையின் மேல் சும்மா உட்காரவைத்தேன். மூன்றாம் வாரம் தூக்கிப் பார்த்தபோது தண்டைச் சுற்றி இளஞ்சிவப்பு நூல்போல் நான்கைந்து வேர்கள் வந்திருந்தன. முதல் தண்ணீர் அதன் பிறகுதான்.

அடீனியத்தின் பருத்த அடித்தண்டுக்கும் இதே சோதனைதான். வாரம் ஒருமுறை அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பது என் வழக்கம். எல்லாப் பக்கமும் சமமாகத் தளர்ந்திருந்தால் தாகம். ஒரு பக்கம் மட்டும் பதிந்தால் அழுகல். அன்றே கத்தியை எடுக்க வேண்டும். அடீனியம் இதில் இரக்கமுள்ள செடி. பாதி கிழங்கைச் செதுக்கி எடுத்தாலும், மீதியை நிழலில் ஒரு வாரம், பத்து நாள் காயவிட்டால் பிழைத்துக்கொள்ளும். கையில் படும் பால் நச்சு என்பதால் வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கைகழுவ வேண்டும்.

மண்ணைப் பற்றிச் சொல்லாமல் இவற்றில் எதுவும் நிலைக்காது. நர்சரிகளில் தென்னைநார்க் கழிவில் வைத்து விற்பதை நான் குறைசொல்ல மாட்டேன். எடை குறைவு, ஏற்றி இறக்க எளிது, விற்கும்வரை செடி பசுமையாக இருக்கும். ஆனால் நம் வீட்டில் அது இரண்டு வகையில் கெடுதல் செய்கிறது. ஈரமானால் நாள்கணக்கில் விடாது. முழுதாகக் காய்ந்துவிட்டால் நீரை ஏற்காமல், ஊற்றியது ஓரமாக வழிந்து ஓடிவிடும். ஆகவே புதிய செடி வந்தால், ஒரு வாரம் புதிய இடத்துக்குப் பழகவிட்டு, பிறகு நார்க்கழிவு முழுவதையும் உதிர்த்து, வலைக்கூடை இருந்தால் வெட்டி எடுத்துவிட்டு மாற்றி நடுகிறேன். என் கலவை எளியது: செம்மண் ஒரு பங்கு, மக்கிய இலை உரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு, பட்டாணி அளவுக்கு உடைத்த செங்கல், கரித்துண்டு, சலித்த பெருமணல் ஆகியவை சேர்ந்து மூன்று பங்கு. எம்-சாண்ட் பயன்படுத்தினால் அதன் தூசியைக் கண்டிப்பாகச் சலித்து, அலசி எடுக்க வேண்டும்; தூசியோடு போட்டால் நாலு நனைப்பில் சிமென்ட்போல் இறுகிவிடும். பெர்லைட், பியூமிஸ் போன்ற எடை குறைந்த நுண்துளைக் கற்கள் கிடைப்பவர்கள் அவற்றைச் சேர்க்கலாம். ஆனால் உடைந்த செங்கல் இலவசமாகக் கிடைக்கும் ஊரில் அவற்றுக்காகச் செலவு செய்யத் தேவையில்லை.

தொட்டியின் அடியில் ஒரு கை ஜல்லி போட்டால் வடிகால் நன்றாகும் என்பது பலரும் நம்புகிற ஒன்று; நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன். அது சரியல்ல என்பதை ஒரு துணிக்கொடி எனக்குப் புரியவைத்தது. துவைத்த வேட்டியைக் கொடியில் போட்டால், மேற்பகுதி காய்ந்த பின்னும் கீழ்க்கரை ஈரமாகவே இருக்கும். சொட்டுவது நின்ற பிறகும் அந்தக் கரை நீரைப் பிடித்து வைத்திருக்கும். தொட்டி மண்ணிலும் அதேதான் நடக்கிறது. நீர் கீழே இறங்கி, மண்ணின் அடிப்பகுதியில் ஓர் ஈர அடுக்காக நிற்கிறது. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய ஜல்லி இடைவெளிக்குள் நீர் எளிதாக இறங்காது; எனவே அந்த ஈரக்கரை ஜல்லிக்கு மேலேயே, வேருக்கு இன்னும் நெருக்கமாக நின்றுவிடுகிறது. ஜல்லியை அடியில் குவிக்காமல் மண்ணோடு கலக்க வேண்டும். ஓட்டையை மறைக்க ஓர் ஓட்டுத்துண்டு போதும். ஆழமில்லாத தட்டுத் தொட்டிகள் அழகாக இருந்தாலும், அவற்றில் மண்ணின் பெரும்பகுதி அந்த ஈரக்கரையாகவே இருக்கும் என்பதால், கலவை இன்னும் கரடாக இருக்க வேண்டும். ஓட்டையே இல்லாத கண்ணாடிக் கிண்ணத்தில் வண்ணக் கற்களோடு பரிசாக வரும் செடிகளைப் பற்றி என் கருத்து கடுமையானது: அவை தாங்காது. வந்த அன்றே வெளியே எடுத்துவிடுங்கள்.

தண்ணீருக்கு நாள் கணக்கு வைப்பதை நான் விட்டுவிட்டேன். வாரம் ஒருமுறை என்பதெல்லாம் மழைக்காலத்துக்கும் கோடைக்கும், மண் தொட்டிக்கும் பிளாஸ்டிக் தொட்டிக்கும் பொருந்தாத கணக்கு. ஒரு தென்னை ஈர்க்குச்சியை அடிவரை செருகி, ஐந்து நிமிடம் கழித்து உருவிப் பார்க்கிறேன். இட்லி வெந்ததா என்று பார்ப்பது போலத்தான். மண் ஒட்டிக்கொண்டு வந்தால் இன்று தண்ணீர் இல்லை. சுத்தமாக வந்தாலும், வளரும் பருவமல்லாத செடிக்கு இன்னும் சில நாள் பொறுக்கிறேன். ஊற்றும்போது அரைகுறையாகத் தெளிப்பதில்லை. அடி ஓட்டையில் வழியும்வரை ஊற்றி, வழிந்தது தொட்டிக்கு அடியில் தேங்காதபடி பார்த்துக்கொள்கிறேன். கோடையில் மாலை நேரமே நல்லது என்று பலர் சொல்வார்கள். எனக்கு விடிகாலைதான் ஒத்துவந்தது. மாலையில் ஊற்றினால், சூடேறிய தொட்டி மண் இரவு முழுக்க ஈரமும் வெப்பமுமாக இருக்கிறது. இலையடுக்கின் நடுவில் நீர் தேங்கிவிட்டால் ஊதி வெளியேற்றிவிட வேண்டும்.

தண்ணீரின் தன்மையும் முக்கியம். எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது. மண் தொட்டிகளின் வெளிப்புறத்தில் ஆறு மாதத்தில் வெள்ளையாக உப்புப் பூத்துவிடும். அதே உப்பு மண்ணுக்குள்ளும் சேர்ந்து வேர்நுனியைக் கருக்குகிறது. செடி காரணமில்லாமல் நின்றுபோனதுபோல் தோன்றும். ஐப்பசி மழையை இரண்டு பெரிய டிரம்களில் பிடித்து மூடி வைத்து, தை மாதம் வரை அதையே பயன்படுத்துகிறேன். ஆண்டுக்கு ஒருமுறை மேல்மண் ஓர் அங்குலம் சுரண்டிப் புதுக்கலவை போடுகிறேன். உரத்துக்கு இதில் பெரிய இடமில்லை. வளரும் பருவத்தில் ஓரிரு முறை, பொட்டலத்தில் சொன்னதில் பாதி அளவு போதும். தழைச்சத்து மிகுந்தால் செடி ஊளைச்சதை போட்டுப் பூச்சிக்கு விருந்தாகும்.

ஒளி குறைந்தால் என்னவாகும் என்பதை எந்த அலுவலக மேசையிலும் பார்க்கலாம். அடுக்கிய ரோஜாவாக வந்த செடி, இரண்டு மாதத்தில் இலைக்கு இலை விரற்கடை இடைவெளி விட்டு, வெளிறி, ஜன்னல் பக்கம் கழுத்தை நீட்டியிருக்கும். நீண்ட தண்டு மறுபடி குறுகாது. அதை எந்த வெயிலாலும் திருத்த முடியாது. செய்ய வேண்டியது, தலையை இரண்டு மூன்று விரற்கடைத் தண்டோடு வெட்டி, முன்பு சொன்னதுபோல் காயவைத்து நடுவதுதான். அடித்தண்டைத் தூக்கி எறிய வேண்டாம். இலைக்காம்பு இருந்த கணுக்களிலிருந்து ஒரு மாதத்தில் நாலைந்து குட்டிகள் வெடிக்கும். ஒரு செடி ஐந்தாவது இப்படித்தான்.

வெட்டிய செடியையோ, நிழலில் வளர்ந்த செடியையோ அவசரப்பட்டு நேர்வெயிலில் வைக்கக் கூடாது. அதை நான் பங்குனியில் செய்தேன். மூன்று மணி நேரத்தில் மேல் இலைகளில் வெந்ததுபோல் வெள்ளைத் தழும்பு விழுந்து, பிறகு பழுப்பானது. அந்தத் தழும்பு ஆறாது. இலை உதிரும்வரை இருக்கும். அழுகலுக்கும் இதற்கும் வேறுபாடு எளிது: வெயில்காயம் வெயில் பார்த்த பக்கத்தில் மட்டும் இருக்கும், காய்ந்திருக்கும், பரவாது. பத்துப் பதினைந்து நாள் சிறிது சிறிதாகக் காலை வெயிலைக் கூட்டிப் பழக்கினால் இது வராது. சித்திரை முதல் ஆனி வரை என் மாடியில் 50 சதவீத நிழல்வலை கட்டியிருக்கும். தொட்டிகளைத் தளத்தில் நேரடியாக வைப்பதையும் நிறுத்திவிட்டேன். சிமென்ட் தளம் பகல் முழுக்க வாங்கிய சூட்டை இரவில் தொட்டிக்குக் கொடுக்கும். இரண்டு செங்கல் மேல் ஏற்றி வைத்தாலே வேருக்குக் காற்று கிடைக்கிறது. கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டிகளை மேற்கு வெயில் படும் சுவரோரம் வைப்பது வேரை வேகவைப்பதற்குச் சமம். கற்றாழையும் அதன் சிறிய உறவான ஹவோர்த்தியாக்கள் சிலவும் வெயிலில் செங்கல் நிறமாவது மட்டும் நோயல்ல. அது அவற்றின் தற்காப்பு. நிழலுக்கு மாற்றினால் பச்சை திரும்பும்.

பூச்சிகளில் நான் உண்மையில் அஞ்சுவது மாவுப்பூச்சி ஒன்றுக்குத்தான். இலையிடுக்கில் பஞ்சுத் துணுக்குபோல் உட்கார்ந்து சாறு உறிஞ்சும். குருத்து கோணலாக வரும். இலையில் பிசுபிசுப்பு இருக்கும். தொட்டியில் எறும்பு ஏறினால் நான் எறும்பைப் பார்ப்பதில்லை, அது எதைத் தேடிப் போகிறது என்று பார்க்கிறேன். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதைக் காவல் காக்கிறது, ஒரு செடியிலிருந்து மற்றொன்றுக்குச் சுமந்தும் செல்கிறது. எறும்பை நிறுத்தாமல் பூச்சியை ஒழிக்க முடியாது. ஐசோபுரொப்பைல் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சுக் குச்சியால் ஒவ்வொன்றாகத் தொட்டு எடுத்து, ஐந்து நாளைக்கு ஒருமுறை திரும்பப் பார்த்து, மூன்று நான்கு சுற்று செய்தால் அடங்கும். லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், சில துளி சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளிக்கலாம். ஆனால் எச்செவேரியாவின் சாம்பல் பூச்சை எண்ணெய் அழித்துவிடும், எண்ணெய் பட்ட இலையை மறுநாள் வெயில் சுடும். அடியில் காய்ந்த இலைகளை அவ்வப்போது உருவி எடுப்பது எல்லா மருந்தையும்விட நல்லது. பூச்சி ஒளிவது அங்கேதான். மேலே ஒன்றும் தெரியாமல் செடி வாடினால், தொட்டியின் உட்சுவரில் வெள்ளைப் பொடி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது வேர் மாவுப்பூச்சி. மண்ணை முழுக்கக் கொட்டி, வேரை அலசி, காயவைத்துப் புதுமண்ணில் நடுவதைத் தவிர வேறு வழியில்லை.

இந்தப் பூச்சியின் தூரத்து உறவு ஒன்று சென்னைக்கு விருந்தாளியாகவே வரவழைக்கப்பட்டது என்பது பலருக்குத் தெரியாது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், கள்ளியில் வாழ்ந்து சிவப்புச் சாயம் தரும் காச்சினீல் பூச்சியை வளர்ப்பதற்காகக் கம்பெனி மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் அமைத்தார். 1795இல் இந்தியா வந்து சேர்ந்தது எதிர்பார்த்த நல்ல சாயப்பூச்சி அல்ல, தரம் குறைந்த வேறோர் இனம். சாயம் தேறவில்லை, ஆனால் அது ஒரு வகைக் கள்ளியைத் தின்று தீர்த்தது. பின்னர் 1926இல், வயலெல்லாம் பரவிக் கிடந்த சப்பாத்திக்கள்ளியை ஒழிப்பதற்கென்றே அந்தக் குடும்பத்தின் மற்றோர் இனம் தென்னிந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, சில ஆண்டுகளிலேயே கள்ளிக்காடுகள் படுத்தன. பஞ்சுபோல் தெரியும் ஒரு பூச்சிக் குடும்பம் மாவட்டம் மாவட்டமாகக் கள்ளியைச் சாய்த்திருக்கிறது என்றால், நம் மாடித் தொட்டிகளில் அதன் சொந்தக்காரனை எவ்வளவு விரைவாகப் பிடிக்க வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நான் கோவில்பட்டியில் இருந்தேன். ரயில்கள் நின்றுபோனதால் உடனே திரும்ப முடியவில்லை. ஐந்து நாள் கழித்து மாடிக்கு ஏறினேன். ஏறக்குறைய நாற்பது தொட்டிகள். தளத்தில் வடிகால் குழாயை வாதுமை இலைகள் அடைத்திருந்தன; தொட்டிகளுக்கு அடியில் நான் வைத்திருந்த பிளாஸ்டிக் தட்டுகளில் விளிம்பு வரை மழைநீர் நின்றது. பதினேழு எச்செவேரியாவில் பிழைத்தவை மூன்று. அந்த மூன்றும் மண் தொட்டியில், செங்கல் கலவையில், தட்டு இல்லாமல் சாய்வாக இருந்தவை. ஒரே தாய்ச்செடியிலிருந்து நான் பிரித்த இரண்டு செடிகளில், நார்க்கழிவிலேயே விட்டுவைத்தது கூழாகிவிட்டது; அரையடி தள்ளி இருந்த அதன் உடன்பிறப்பு ஓர் இலைகூட இழக்கவில்லை. ஒரே மழைதான் இரண்டின் மேலும் பெய்தது. அடீனியம் ஐந்தில் இரண்டின் கிழங்கு ஒரு பக்கம் பதிந்திருந்தது. செதுக்கியதில் ஒன்று மீண்டது. கற்றாழையும் மருள் செடியும் ஒன்றுமே நடக்காததுபோல் நின்றன. அன்று மாலை அழுகிய செடிகளை ஒரு சாக்கில் போட்டுக் கட்டியபோது எனக்கு ஏற்பட்ட துக்கத்தை விவரிக்க விரும்பவில்லை. ஆனால் அதன்பிறகு மாடியில் ஒரு தட்டுகூட இல்லை.

கடலோர ஊர்களில் புதிதாகத் தொடங்குகிறவர்கள் எச்செவேரியாவில் தொடங்க வேண்டாம் என்றே நான் கேட்டுக்கொள்வேன். கொடைக்கானலிலும் ஊட்டியிலும் தரையிலேயே விளைகிற அது நமக்கு ஐந்தாம் ஆண்டில் போதும். அதே ரோஜா வடிவம் வேண்டுமென்றால் கிராப்டோபெட்டலம் இருக்கிறது; சென்னை வெப்பத்தை அது நன்றாகவே பொறுக்கும், உதிர்ந்த ஒவ்வோர் இலையும் முளைக்கும். ஜேட் என்ற பெயரில் நம் நர்சரிகளில் பெரும்பாலும் விற்பது போர்ட்டுலக்கேரியா. தென்னாப்பிரிக்காவில் யானைகள் மேய்கிற புதர்ச்செடி அது, கிள்ளிக் கிள்ளி வளர்க்கலாம். நம் மண்ணுக்கே உரியவையும் உண்டு. துவையலுக்குப் பறிக்கிற பிரண்டை ஒரு முழுமையான சதைப்பற்றுச் செடி. அதன் தண்டு இரவில் மூச்சு வாங்குகிறது, மெல்லிய இலையோ மற்றச் செடிகளைப்போல் பகலில். வறண்ட குன்றுகளில் முளைக்கும் கள்ளிமுளையானின் நாற்கோணத் தண்டும், கரைகளில் கத்தி கத்தியாக நிற்கும் மருளும் எந்த விலையுயர்ந்த இறக்குமதிச் செடிக்கும் அழகில் குறைந்தவை அல்ல. குன்றிலிருந்து வேரோடு பிடுங்கி வராமல், வளர்ப்பவரிடம் ஒரு துண்டு கேட்டு வாங்குங்கள். திருகுகள்ளியை மட்டும் குழந்தைகள் கைபடும் இடத்தில் வைக்க வேண்டாம். அதன் பால் கண்ணில் தெறித்தால் பார்வையையே பாதிக்கும்.

இதை எழுதும்போது புரட்டாசி முடியப் போகிறது. சென்னைக்கு ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழையில்தான் வருகிறது என்பதால், இந்த இரண்டு வாரம்தான் எனக்கு மிகுந்த வேலை. வடிகால் குழாயைச் சுத்தம் செய்தாகிவிட்டது. எச்செவேரியாக்களும் ஹவோர்த்தியாக்களும் பாலிகார்பனேட் தகட்டின் கீழே போய்விட்டன. அடீனியங்களைச் செங்கல் மேல் ஏற்றி, மழை தங்காதபடி ஒரு பக்கம் சாய்த்து வைத்திருக்கிறேன். நேற்று ஒவ்வொரு தொட்டியிலும் ஈர்க்குச்சி விட்டுப் பார்த்ததில் மூன்றில் மட்டும் மண் ஒட்டியது. அவற்றில் ஒன்றின் தண்டு அடியில் லேசாகக் கறுத்திருக்கிறது. பிளேடைத் துடைத்து வைத்திருக்கிறேன். நாளைக் காலை அதை வெளியே எடுத்து வேரைப் பார்க்க வேண்டும்.